மஞ்சள் பில்டரும் புதுச் செருப்பும்

1986 ஒக்டோபர் 22, புதன்கிழமை. வழக்கம்போல விடியமுன் எழுந்து, கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, தேநீர் குடித்தேன். பிறகு கமெராவைத் துடைத்தேன். படம் எடுக்கிற நாளோ எடுக்காத நாளோ, அதைத் துடைக்காமல் நான் காலைச் சாப்பாட்டுப் பாணைத் தொட்டதில்லை. (அந்த நாளில் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் சொந்தமாகக் கமெரா வைத்திருந்த முக்கியமானவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் யாரென்று தெரியாது.)

அன்று படம் எடுக்கிற நாள். ஜேர்மனியில் இருந்த மாப்பிள்ளைக்கு அக்காவின் ஸ்ரூடியோப் படம் ஒன்று அனுப்புவதாக இருந்தது. ஸ்ரூடியோக்காரர் பென்சிலால் புருவத்தை வளைத்து, கன்னத்து மச்சத்தை அழித்து, வேறொரு பெண்ணைப் படைத்துக் கொடுத்திருந்தார்.

"உவளையே அவர் கட்டட்டும். நான் வீட்டிலை நிக்கிறன்," என்றாள் அக்கா. "ஓம் எண்டு சொல்லுறதெண்டால் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். மச்சத்தோடை, கலரிலை எடு."

கலர்ச் சுருள் ஒன்று அரும்பாடுபட்டுக் கிடைத்தது. அயல்வீட்டுக் கணேசண்ணை அன்று பின்னேரம் கொழும்புக்குப் போகிறார். அங்கே சுருளைக் கழுவி, படத்தை ஜேர்மனிக்கு அனுப்பிவிடுவார். அவரை விட்டால் அடுத்து யார் போவார், எப்போது போவார் என்று சண்டை நடந்த அந்த நாளில் ஒருவராலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டாரோ அந்த மாதத்துக்குள் படம் வரவேண்டும் என்று நின்றார்கள்.

மத்தியானம் அக்கா பச்சைச் சேலையோடு வாழையடியில் வந்து நின்றாள். நான் பில்டரைக் கழற்றப் போனேன். அது வரவில்லை.

பில்டர் என்பது லென்ஸின் முகப்பில் புரியால் முறுக்கிப் பூட்டுகிற, வளையத்துக்குள் இருக்கும் நிறக் கண்ணாடி. என்னுடையது மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்தில் வானத்தைச் சற்று இருட்டாக்கி முகிலை எடுப்பாகக் காட்டும். கலர்ச் சுருளில் அதோடு எடுத்தால் ஆளே மஞ்சளாகிவிடும். ஜேர்மனிக்குச் செங்கமாரி பிடித்த பெண்தான் போய்ச் சேருவாள்.

அது இறுகியதற்குக் காரணம் என் ஒழுங்கு. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கமெராவையும் வைத்துச் சந்தனம் இட்டேன். கண்ணாடியில் பட்டால் கறை, கமெராவின் உடம்பில் பட்டால் அதன் மேல்தோல் கெடும். ஆகவே நன்றாக யோசித்து, பில்டரும் லென்சும் சேருகிற மெல்லிய இடுக்கில், சுற்றிவர, ஈர்க்கு நுனியால் வைத்தேன். (ஒரு பொட்டும் வெளியே சிந்தவில்லை. இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை.) உள்ளே போன சந்தனம் காய்ந்து சீமெந்தாகிவிட்டது.

விரலால் திருகினேன். முகம் துடைக்கிற லேஞ்சியைச் சுற்றித் திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். கடைசியில் கம்பி முறுக்குகிற குறடு ஒன்றை எடுத்தேன்.

"டேய், உதை வை," என்றாள் அக்கா. "நீ நெரிக்க நெரிக்க வட்டம் முட்டையாப் போகுது. பிறகு எப்பிடிச் சுத்தும்? ஒரு ஊறுகாய்ப் போத்தல் திறந்திருக்கிறியே நீ?"

"இது ஜப்பான் லென்ஸ், அக்கா."

"ஜப்பானிலை ஊறுகாய் இல்லையோ?"

பக்கத்தில் பிடிக்கக் கூடாதாம். தட்டையான றப்பரை முகப்பில் வைத்து, வளையம் முழுவதையும் ஒரே சீராக அமத்தித் திருப்ப வேண்டுமாம். எங்கள் வீட்டில் தட்டையான றப்பர் என்றால் செருப்புத்தான்.

குசினிக்குள்ளிருந்து அம்மா வந்துவிட்டார். "சரஸ்வதிக்கு முன்னாலை வைச்ச சாமானிலை செருப்போ? நான் இருக்குமட்டும் நடவாது."

வாசல் படலையில் கணேசண்ணையின் சைக்கிள் மணி கேட்டது. "தம்பி, பஸ் எனக்காண்டி நிக்காது. சுருளைத் தாறியோ, இல்லாட்டி நான் வெளிக்கிடட்டோ?"

அக்கா கன்னத்து மச்சத்தை விரலால் ஒருதரம் தொட்டாள். அம்மா அதைக் கண்டார்.

"தீபாவளிக்கெண்டு தம்பிக்கு வாங்கின செருப்பு பெட்டிக்குள்ளை கிடக்கு," என்றார், எங்களைப் பாராமல் வேலியைப் பார்த்துக்கொண்டு. "காலிலை போடாத மட்டும் அது வெறும் றப்பர்."

ஈரத்துணி நுனியால் சந்தனத்தைச் சற்று ஊறவிட்டோம். அக்கா கமெராவை மடியில் இறுக்கிப் பிடிக்க, நான் புதுச் செருப்பின் அடியை முகப்பில் வைத்து அமத்தித் திருப்பினேன். கிறீச் என்றொரு சத்தம். மஞ்சள் கண்ணாடி சாதுவாகக் கழன்று என் கைக்குள் விழுந்தது. கணேசண்ணை படலையில் நின்று திட்டத் திட்ட, மச்சம் இருந்த பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சுருள் முடியுமட்டும் எடுத்தேன்.

மாப்பிள்ளை ஓம் என்று எழுதினார். முதலில் பிடித்தது மச்சம்தானாம். அந்தப் படம் இன்று ஜேர்மனியில் அவர்கள் வீட்டு விறாந்தையில் பெரிதாகத் தொங்குகிறது. நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். ஆனால் வருகிறவர்கள் யாராவது புகழ்ந்தால் அத்தான் விடமாட்டார். "என்ரை மச்சான் செருப்பாலை எடுத்த படம்," என்பார். நான் வெளிச்சம் விழுந்த கோணத்தை விளக்கத் தொடங்குவேன். அதற்குள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

படம் எடுத்த மறுநாள் காலை அம்மா முதல் வேலையாக அந்தச் செருப்பைக் கழுவித் துடைத்து, அலுமாரியில் கமெராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். "பூசைச் சாமானிலை பட்டது. இனிக் காலிலை போடேலாது, மோனை." நான் பழைய செருப்பின் அறுந்த வாருக்கு ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.