மகாராணி வேட்டைக்குப் போனாள்

அன்று ஒரு சபதம் செய்தேன். ஒன்று அந்த நாய் கொட்டகைக்குப் போகணும், இல்லை நான் போகணும். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லவில்லை. மனைவி உடனே சரி என்று சொல்லிவிடும் ஆபத்து இருந்தது.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் காலடியில் குந்தி, "இது கடிக்குதா சார், அது பிடிக்குதா மேடம்?" என்று கேட்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதில் சாயும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் மனுஷன்.

அதில்தான் இப்போது மகாராணி படுத்திருந்தாள். என் மச்சினி வெளிநாடு போகும்போது அக்கா தலையில் கட்டிவிட்டுப் போன டாய் ஸ்பானியல் ஜாதிக் குட்டை நாய். உள்ளங்கை அகலத்துக்குக் காது. உருண்டை உருண்டையாகக் கண். நான் பக்கத்தில் போனால் நகரமாட்டாள். பெருமூச்சு விடுவாள்.

"இறக்கி விடு அதை."

"அது இதுன்னு பேசாதீங்க. இவ வம்சம் ராஜா அரண்மனையில இருந்த வம்சம். ராஜா எங்க போனாலும் கூடவே போகும். சபையிலகூடப் படுத்துக்கும்."

"இங்க ராஜா யாரு?"

"அதான் இல்லையே. நாற்காலி மட்டும் எதுக்குச் சும்மா கிடக்கணும்?"

இப்படிப் பேசுகிறவளை வாயால் ஜெயிக்க முடியாது. எதிர்வீட்டுக் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். கடையில் கூட்டம் இல்லாதபோது பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து படித்தேன். படிக்கப் படிக்க ரத்தம் சூடேறியது.

"தெரியுமா உனக்கு? ஸ்பானியல்னாலே வேட்டை நாய். புதர்ல பூந்து பறவையைக் கிளப்பற நாய்! அதைத்தான் சின்னதா வளர்த்து, சின்னதா வளர்த்து, இப்படி ஆக்கிட்டாங்க."

"அப்புறம் மடியில வெச்சுக்கிட்டாங்க. குளிருக்குக் கதகதப்பா."

"கதகதப்பா? சீமாட்டிங்க மேல இருந்த தெள்ளுப்பூச்சி நாய் மேல தாவட்டும்னு வெச்சிருந்தாங்களாம்!"

"பாவம், எவ்வளவு உபகாரம் பண்ணியிருக்கு! ஏங்க, நீளமா இருந்த மூக்கையே சப்பையாக்கி, அது அலுத்துப்போய் மறுபடி நீளமா வேணும்னு பரிசு வெச்சு வளர்த்தாங்களாமே? மூக்கையே மாத்தினாங்க, குணத்தை மாத்தியிருக்க மாட்டாங்களா?"

அவள் எனக்கு முன்பே அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டாள் என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்கணும். உறைக்கவில்லை.

"குணம் மாறாது. பந்தயம்! ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்துல புறா முன்னாடி விடுவோம். பதுங்கிப் போய்ப் புறாவைக் கிளப்பினா கொட்டகை."

"கிளப்பலைன்னா?"

"நாற்காலி அவளுக்கே. வாயே திறக்க மாட்டேன்."

"டாக்டர் தீர்ப்புச் சொல்லட்டும்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது.

பந்தயம் கட்டியாச்சு. அவள் சொன்னதுபோல் வேட்டைக் குணமே செத்துப் போயிருந்தால்? மறந்துபோன தொழிலைத் திரும்பக் கற்றுக்கொடுத்தால் போச்சு என்று முடிவு செய்தேன். நல்ல வேளையாக, அழுக்குக் கூடையில் மேலாகவே என் காலுறை ஒன்று கிடந்தது. அன்றன்றைக்கே துவைத்துவிடுகிறவள், என்னவோ மறந்திருந்தாள். பழைய தலையணையைக் கிழித்து, இறகை அதில் திணித்து ஒரு பறவை செய்தேன்.

மனைவி குளிக்கப் போகும்போதெல்லாம் கொல்லையில் பயிற்சி. காலுறைப் பறவையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவேன். "தேடு!" என்பேன். மகாராணி முதலில் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிஸ்கட்டைக் கண்டதும் புத்தி வந்தது. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, ஒரே கவ்வு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஞாயிறு வந்தது. அரைநாள் கடை முடிந்து ஓடிவந்து, காலணியை உதறிவிட்டு, காலுறையோடு பின்வாசல் படியில் நின்றேன். டாக்டர் மதில் ஓரம் நின்றார். கொல்லையில் ஒரு கொழுத்த புறா தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தது. மனைவி எதிர்க்கோடியில் மகாராணியை இறக்கிவிட்டாள்.

என் நாற்காலி, என் முதுகு, என் மிச்ச ஆயுள் எல்லாம் அந்தச் சப்பை மூக்கில் இருந்தது.

"தேடு" என்றேன்.

மூக்கு மேலே எழுந்தது. காது முன்னால் வந்தது. உடம்பு தாழ்ந்தது. ஊர்ந்தாள்!

"பாருங்க டாக்டர், ரத்தத்துல இருக்கு!" என்று கிசுகிசுத்தேன்.

மகாராணி புறாவை நெருங்கினாள். இன்னும் ஒரு முழம். புறா தலை தூக்கிப் பார்த்தது. மகாராணியும் பார்த்தாள். வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல் புறாவைச் சுற்றிக்கொண்டு, மேலே ஊர்ந்தாள். நேராகப் படியை நோக்கி. என்னை நோக்கி.

"ஏய்... ஏய், அங்க! அங்க போ!"

ஒரே பாய்ச்சல். என் வலது பாதம் அவள் வாயில். நான் ஐயோ என்று அலறி விழுந்தேன். அதற்குப் பிறகும் புறா பறக்கவில்லை. மகாராணி காலுறையை உருவி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, பிஸ்கட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று. "வேட்டை நாய்தாங்க, சந்தேகமே இல்ல. ஆனா இரை புறா இல்ல, நீங்க. நாற்காலி அம்மா பக்கம்."

இப்போது மாலையில் மகாராணி நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டை முக்காலியைப் போட்டு, அவள் காலடியில் நான் குந்தியிருக்கிறேன். நேற்று மனசு கேட்காமல் மனைவியிடம் புலம்பினேன்.

"எல்லாம் அந்த அழுக்குக் காலுறையால வந்த வினை. நீ மட்டும் அன்னைக்குத் துவைச்சிருந்தா..."

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "துவைச்சதுல உங்க வாசனை இருக்காதே! நீங்க திருட்டுப் பயிற்சி குடுப்பீங்கன்னு தெரிஞ்சுதான், உங்களை நாள் பூரா அதைப் போட்டுக்க வெச்சு, அப்புறம் கூடையில மேலாக வெச்சேன்."