நூற்றெண்பது சாப்பிட்டியா

"இடம் இல்லை" என்று பிரேமலதாவின் போன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தாராவியில் இடம் இல்லை என்பது ஒரு செய்தியா! ஆனால் போனில் இடம் இல்லாவிட்டால் மகேஷ்குமாரின் குரல் வந்து சேராது.

அவள் புருஷன் மகேஷ்குமார் சரக்குக் கப்பலில் சமையல்காரன். போய் ஆறு மாதம் ஆகிறது. நடுக்கடலில் போன் பேச வாய்க்காது. தினம் சாயங்காலம் ஒன்பது செகண்டு ஆடியோ ஒன்று வரும்.

"ஏளா பிரேமா, சாப்ட்டியா? நல்லாச் சாப்பிடு. ஒடம்பப் பாத்துக்கோ. வச்சிரட்டா?"

அந்த ஒன்பது செகண்டுக்காகத்தான் அவளுக்குப் பொழுதே விடிந்தது.

பக்கத்து வீட்டு தமன்னா போனை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, ஒங்க நாத்தனார் அனுப்புற சாமி பாட்டே மும்மூணு காப்பி கெடக்கு. டூப்ளிகேட்டைத் தூக்குற ஆப் போட்டுத் தாரேன்."

ஆப் ஒரே நிமிஷத்தில் பெருக்கித் தள்ளிவிட்டது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு காப்பி மிஞ்சியது. மகேஷ்குமாரிலும் ஒன்றுதான் மிஞ்சியது.

"அடிப்பாவி! அவுக பேசுனதெல்லாம் எங்கடி?"

"அண்ணன் தெனம் ஒரே மாதிரிதான சொல்லுதாரு? ஆப் கொழம்பிருச்சு போல."

"ஒரே மாதிரியா? தீவாளிக்கு அனுப்புனப்போ குரல் எப்படிக் கம்மியிருந்துச்சு தெரியுமா? ஒனக்கு என்ன தெரியும்!"

பயந்துபோன தமன்னா எதையோ அமுக்கி எல்லாவற்றையும் மீட்டாள். வந்தன. தேதிகளைத் தொலைத்துவிட்டு, பாட்டுப் பட்டியலுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

அது தெரியாமல் மறுநாள், தான் வேலை பார்க்கும் பை தைக்கும் பட்டறையில் பாட்டுப் போடத் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்தாள் பிரேமலதா. ஒரு சாமி பாட்டு முடிந்தது. அடுத்து, முப்பது மெஷின் சத்தத்துக்கு மேலே, "ஏளா பிரேமா, சாப்ட்டியா?"

பதறிப்போய் அமுக்கினாள். அடுத்ததற்குத் தாவியது. "ஏளா பிரேமா, சாப்ட்டியா?"

"சாப்ட்டோம் மச்சான்!" என்றது பட்டறை மொத்தமும்.

முதலாளி காசிம் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒம் மாப்பிள்ளைக்கு எங்க மேலயும் எவ்வளவு அக்கறை, பாத்தியா!"

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு அழுதாள். அவன் வந்து வாசலில் நிற்பதாகவே ஒரு நொடி நினைத்துவிட்டாள். ஆறு மாதமாக அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு நொடியைத்தான்.

சாயங்காலம் நேராக வாசிமின் மொபைல் கடைக்குப் போனாள்.

"தம்பி, இதெல்லாம் தேதி வாரியா அடுக்கித் தாங்க. எது எந்த நாளுன்னு நானே சொல்லுதேன். இந்தா, இது ஜலதோசம் பிடிச்ச நாளு. இது தீவாளி. இது என்னைய ரொம்பத் தேடுன நாளு, கேளுங்க, 'பிரேமா'ன்னு எப்படி இழுக்காருன்னு."

வாசிம் மூன்றையும் கேட்டான். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"அக்கா, டென்ஷன் மத் லோ, பதறாதீங்க. நூத்தெண்பதும் ஒரே ஃபைலு. அண்ணன் ஒரு தடவதான் பேசிருக்காரு. அப்புறம் தெனம் அதையேதான் ஃபார்வர்டு பண்ணிருக்காரு."

"அப்போ ஜலதோசம்?"

"மொத நாளே இருந்திருக்கும்."

பிரேமலதா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றெண்பது சாயங்காலம். ஒவ்வொன்றிலும் அவன் களைப்பையும் சிரிப்பையும் தேடித் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அத்தனையும் இவளாகவே போட்டுக்கொண்டவையா! போனைப் பிடுங்கி மைக்கை அமுக்கினாள்.

"ஏங்க, ஒங்களுக்கு வெக்கமா இல்ல? தெனம் ஒம்பது செகண்டு எனக்காகப் பேச முடியலியா? இங்க ஒருத்தி ஏங்கிச் சாகுதா, அங்க நீங்க ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போறீயளா? இனிமே ஒங்க குரலே எனக்கு வேண்டாம்..."

வாசிம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினான்.

"அக்கா, அதை அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருங்க. 'சாப்ட்டுட்டேங்க, நீங்க சாப்ட்டியளா'ன்னு நீங்க அண்ணனுக்கு அனுப்புனதும் இங்க நூத்தெண்பது கெடக்கு, ஒரே ஃபைலு. அதையும் தேதி வாரியா அடுக்கணுமா?"