விமானக்காரன் திரும்பக் கூப்பிடுவான்

“என்னங்க, பாதியில மூடிட்டீங்க? பணம் கட்டற இடம் வரைக்கும் வந்துடுச்சே!”

“ஷ்! சத்தம் போடாதே. நான் எழுந்து போறேன்னு அவனுக்குத் தெரியணும்.”

மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, பாதிவிலையார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கூடத்தைக் கடந்து வாசல்வரை நடந்தார். அங்கே நின்று ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறவர் போல முதலில் சட்டைப்பையைத் தடவினார், பிறகு கால்சட்டைப் பையைத் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை.

“யாருக்குத் தெரியணும்?” என்றாள் மனைவி.

“விமானக்காரனுக்கு. ஒரு ஆளுக்கு ஆறாயிரமாம். மூவாயிரத்துக்கு மேல தர எனக்கென்ன பைத்தியமா?”

மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவுக்கு அவர்தான் தலைமை. பலகை, பசை, திருகாணி, மெத்தைப் பஞ்சு எதுவானாலும் சொன்ன விலையில் பாதியைக் கேட்பார். கடைக்காரர் சிரித்தால் எழுந்துவிடுவார். வாசலில் நின்று சாவியைத் தேடுவார். அந்தத் தேடலுக்குள் “சார், வாங்க, உட்காருங்க” என்று கூப்பிடாத கடைக்காரர் இன்றுவரை பிறக்கவில்லை. ‘பாதிவிலையார்’ என்று அலுவலகம் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் அவர் காதுக்கு வந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை, பட்டமளிப்பு விழாவில் வாங்கியது போல் ஏற்றுக்கொண்டார்.

விமானம் எதற்கென்றால், கப்பலுக்கு. மனைவியும் அவளுடைய அக்காவும் சேர்ந்து அடுத்தடுத்த அறைகளாகப் பார்த்து உல்லாசக் கப்பலில் இடம் போட்டுவிட்டார்கள். கப்பல் கிளம்பும் துறைமுகமோ தூரத்தில் இருந்தது. மலிவு விமானத்தில் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் போய்விடலாம். அந்த விமானத்துக்குச் சீட்டு வாங்குவது மட்டும்தான் அவர் பொறுப்பு. தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

மனைவி மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இந்த ஐந்து நாள் விடுமுறைக்காக ஒரு வருடமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கூட வேலை பார்ப்பவர்களுக்குத் தானம் செய்திருந்தாள். இதற்கு முன் போக இருந்த மலைப்பயணமும் அருவிப்பயணமும் இவர் ஹோட்டல்காரர்களிடமிருந்து எழுந்து நடந்ததில் அப்படியே நடந்து போய்விட்டன.

“இந்தத் தடவை மட்டும் விளையாடாதீங்க,” என்றாள். “எனக்குக் கப்பல் மேல்தளத்துல நின்னு நாலாபக்கமும் தண்ணியைப் பார்க்கணும். அவ்வளவுதான் கேட்கறேன்.”

“பார்ப்பே. பாதி விலையில பார்ப்பே.”

மறுநாள் விலை ஆறாயிரத்து ஐந்நூறு.

அவர் திடுக்கிட்டார். எழுந்து போன பிறகு விலையை ஏற்றும் கடைக்காரனை அவர் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பரிடம் சொல்லிப் புலம்பினார்.

“உங்க போனை அது அடையாளம் கண்டுபிடிச்சிடும் சார்,” என்றார் ஸ்டோர் கீப்பர். “திரும்பத் திரும்ப வர்றீங்கன்னா தேவை ஜாஸ்தின்னு ஏத்திடுவான். வேற போன்ல பாருங்க.”

சரிதானே என்று ஸ்டோர் கீப்பரின் போனில் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. வரவேற்பாளரின் போனில் பார்த்தார். கணக்குப் பிரிவில் எல்லோரையும் பார்க்கச் சொன்னார். மெருகு பூசுகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘இந்த விமானத்தை இப்போது பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முந்துங்கள்!’

“யாருய்யா அந்தப் பத்தொன்பது பேர்? வேலை வெட்டி இல்லாத பசங்க!” என்று சீறினார் பாதிவிலையார்.

தொழிற்சாலை முழுவதும் போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. விலை ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டில் மனைவியின் போன் அடித்தது. அவள் கையெல்லாம் மாவு. ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள். அக்காவின் கணவர், பல் டாக்டர். யாரிடமும் எதற்கும் பேரம் பேசாத மனிதர். அதனாலேயே பாதிவிலையாருக்கு அவர்மேல் ஓர் இளக்காரம் உண்டு.

“சகலை, பிளைட் டிக்கெட் போட்டாச்சா?” என்றது போன்.

மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன.

“ஓ! அன்னிக்கே போட்டாச்சே,” என்றது பாதிவிலையாரின் வாய். “மூவாயிரம். ஒரு ஆளுக்கு.”

“மூவாயிரமா!” மறுமுனையில் டாக்டரின் குரல் குழறியது. பல் பிடுங்கிய பிறகு நோயாளிகள் அப்படித்தான் பேசுவார்கள். பிறகு டாக்டர் செருமினார். “பரவாயில்லையே. நானும் போட்டுட்டேன். எனக்கு ரெண்டாயிரத்து எண்ணூறுக்குக் கிடைச்சுது.”

போன் அடங்கியதும் மனைவி மாவுக்கையோடு வந்து அவர் தோளில் சாய்ந்தாள். “உங்களை என்னென்னமோ நினைச்சேங்க. சொல்லாமலே வாங்கி வெச்சிருக்கீங்க!”

அந்தச் சாய்வு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனம் அங்கே இல்லை. இரண்டாயிரத்து எண்ணூறு! வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பதைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாத ஆளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு! அப்படியானால் அந்த விலை எங்கேயோ இருக்கிறது. ஒருநாள் இறங்கி வந்திருக்கிறது. அது மறுபடியும் வரும். டாக்டருக்கு வந்தது தனக்கு வராமல் போனால், தொழிற்சாலையில் எந்த முகத்தோடு ஒரு திருகாணிக்கு விலை கேட்பது?

அதன்பிறகு அவர் காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவை பார்த்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தார். விலை ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் நேருக்கு நேர் மோதிவிடுவது என்று அலுவலகத்திலிருந்தே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கே போன் போட்டார்.

“அம்மா, ரெண்டு சீட். கடைசி விலை என்னன்னு சொல்லுங்க.”

“திரையில இருக்கறதுதான் சார் விலை.”

“அது வெளியாட்களுக்கு. எனக்குச் சொல்லுங்க.”

“எங்களுக்கு எல்லாருமே வெளியாட்கள்தான் சார்.”

“அப்படியா? அப்ப நான் வேற கம்பெனிக்குப் போயிடுவேன். இதோ வைக்கப்போறேன்.”

“அழைத்ததற்கு நன்றி சார். இனிய நாளாகட்டும்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

பாதிவிலையார் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். இவர் எழுவதற்குள் எதிராளி எழுந்து போனது அவர் தொழில் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஆனால் அவர் போனைக் கீழே வைத்து அதிக நேரம் ஆகவில்லை, அதே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது.

“பார்த்தீங்களா!” என்று ஸ்டோர் கீப்பரின் முதுகில் ஓர் அறை விட்டார். “கூப்பிட்டுட்டான்! எங்கே போயிடுவான்?”

போனில் பதிவுசெய்த குரல் ஒன்று பேசியது. “எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?”

பாதிவிலையார் பழக்கதோஷத்தில், “ரெண்டரை,” என்றார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. ஏழாயிரத்து எண்ணூறாக இருந்த விலை, திடீரென்று ஏழாயிரத்து அறுநூறானது. வரவேற்பாளர்தான் முதலில் பார்த்து ஓடி வந்தார். “சார், இறங்கிடுச்சு! வாங்கிடுங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன்.”

“வாங்கறதா? இப்பத்தானே வழிக்கு வர்றான்!” பாதிவிலையாரின் கண்கள் பளபளத்தன. “இறங்க ஆரம்பிச்சவன் நடுவுல நிக்க மாட்டான். நாளைக்குப் பாருங்க வேடிக்கையை.”

மறுநாள் அந்த விமானத்தில் இடமே இல்லை. பயணத்துக்கு அடுத்த நாள், கப்பல் கிளம்பும் அன்று காலையில் போகிற விமானத்தில்தான் ஒரே ஓர் இருக்கை இருந்தது. அந்த ஒன்றுக்கும் அவர் விரல்கள் தானாக விலை பார்த்தன. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி புதுப் பெட்டியைப் பூட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கடலில் வெயில் அதிகமாம், ஒரு பெரிய தொப்பி வாங்கி, அதை இப்போதே போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்குங்க பிளைட்?”

பாதிவிலையார் எதிரே தரையில் உட்கார்ந்தார். தொப்பியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எழுந்து நடந்ததையும் பத்தொன்பது பேரையும் சொன்னார், டாக்டரிடம் விட்ட புளுகையும் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள்.

“ஒரு வருஷமா யார் யார் ரத்தத்தையோ குழாய்ல ஊத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்,” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், இது கப்பலுக்கு, இது கப்பலுக்குன்னு சொல்லிக்கிட்டேன். உங்களுக்கு அது விலை. எனக்கு அது என் நாள்.”

இருபது வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் பாதிவிலையாரிடம் அழாத குறையாகப் பேசியிருக்கிறார்கள், ஒருவர் சொன்னதுகூட மனசுக்குள் போனதில்லை. இது போனது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

எழுந்து நடந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, சாவியைத் தேடவில்லை. நேராகத் தூரப் பேருந்து முன்பதிவுக் கடைக்குப் போனார். விடியலில் கிளம்பிப் பகல் முழுக்க ஓடி இருட்டுவதற்குள் துறைமுகம் போகிற சொகுசு பஸ் ஒன்று இருந்தது. முன்வரிசையில் இரண்டு இடம் காலி. கடைக்காரர் விலை சொன்னார். பாதிவிலையார் சொன்ன விலையை எடுத்து வைத்தார்.

கடைக்காரர் பணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒருகாலத்தில் பாதிவிலையாரின் தொழிற்சாலைக்கு மெத்தைப் பஞ்சு விற்றவர் அவர். “சார், உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றார்.

வீட்டில் சீட்டைப் பார்த்ததும் மனைவியின் முகம் லேசாகத் தெளிந்தது. “ஒண்ணு மட்டும். நாம பஸ்ல வந்தோம்னு அக்காவுக்குத் தெரியவே கூடாது. மூவாயிரம் மூவாயிரம்னு அவகிட்ட நானே பத்து தடவை பீத்தியிருக்கேன்.”

“நாளைக்கு நாம பிளைட்ல போறோம்,” என்றார் பாதிவிலையார். “யார் கேட்டாலும்.”

விடியலில் நிறுத்தத்தில் ஏறினார்கள். பின்வரிசைகளில் ஏற்கெனவே முந்திய நிறுத்தங்களில் ஏறியவர்கள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தலையைக் குனிந்தபடி முதல் இருக்கையில் ஒடுங்கினார்கள். வெயில் ஏறியபோது பாதிவிலையார் சகலைக்குச் செய்தி அனுப்பினார்: ‘விமானத்தில் ஏறிவிட்டோம்.’

உடனே பதில் வந்தது: ‘நாங்களும் வேறு விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறோம். மேகமெல்லாம் பஞ்சு மாதிரி.’

அவர் அதை மனைவியிடம் காட்டினார். வானத்தில் இருந்துகொண்டு எப்படிச் செய்தி அனுப்பினார் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர்களும் அப்போது வானத்தில்தானே இருந்தார்கள்.

“எங்க அக்கா பஞ்சுமேல போறா,” என்றாள் மனைவி, முன்னால் புகைவிட்டுப் போகும் செங்கல் லாரியைப் பார்த்துக்கொண்டு. “நான் செங்கல்லுக்குப் பின்னாடி போறேன்.”

“ரெண்டாயிரத்து எண்ணூறு,” என்று பல்லைக் கடித்தார் பாதிவிலையார். “அந்த மனுஷனுக்கு எப்படித்தான் கிடைச்சுதோ!”

உச்சிவெயிலில் பஸ் ஓர் உணவு விடுதியில் நின்றது. நடத்துநர் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இவர்களிடம் வந்தார். பாதிவிலையார் துண்டால் முகத்தை மூடியிருந்தார், மனைவி அந்தப் பெரிய தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

“சார், இறங்கிச் சாப்பிடுங்க. இதுக்கப்புறம் வண்டி எங்கேயும் நிக்காது.”

“வேண்டாம்ப்பா. தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா வம்பு.”

“என்ன சார் இது, சொல்லி வெச்ச மாதிரி!” நடத்துநர் தலையில் கைவைத்துக்கொண்டார். “கடைசி சீட்டுல ஒரு பல் டாக்டரும் முகமூடியைக் கழட்ட மாட்டேன், இறங்கவும் மாட்டேன்னு சம்சாரத்தோட பட்டினியா உட்கார்ந்திருக்கார். ஏன்னு கேட்டா, அவர் சகலை யாரோ மூவாயிரத்துக்குப் பிளைட் டிக்கெட் வாங்கிட்டாராம், அந்த விலை தனக்கும் ஒருநாள் வந்தே தீரும்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தாராம்!”