இடமும் வலமும் மாறிய சிந்தசைசர்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்கள் விட்டுச்சென்ற சிந்தசைசர் கீபோர்டும் நலம், முன்பைவிடவும் நலம். "நாப்பது வருஷத்துப் பொருள் அத்தான், தூசிகூடத் தட்டாதீங்க" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. தூசியை நான் தட்டவே இல்லை.

திறந்தேன், அவ்வளவுதான். அதற்குக் காரணம் உங்கள் மருமகள், அதாவது என் மகள். மாடியில் குடியிருக்கும் மியூசிக் டீச்சர், "இவளுக்கு விரல் வராது சார், வேற எதுலயாவது சேத்துவிடுங்க" என்று பிள்ளையின் காதுபடச் சொன்னதிலிருந்து அவள் அதன் பக்கமே போகவில்லை. வாசித்தால் யாராவது கேட்டுவிடுவார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹெட்போன் மாட்டினால் அவளுக்கு மட்டும்தானே கேட்கும் என்று யோசித்தேன், உங்கள் பொருளில் அதற்குத் துளை இல்லை, நான் போட்டேன். மிக்ஸியையே திறந்து மூடியவன் நான், பயப்படாதீர்கள். கட்டைகளிலிருந்து வரும் பட்டை ஒயரைத் திரும்பச் செருகும்போது அது இரண்டு விதமாகவும் உள்ளே போனது, போகிற விதம்தானே சரியான விதம் என்று மூடிவிட்டேன், தட்டிப் பார்த்தால் கனத்த குரல் வலது கோடியிலும் கீச்சுக்குரல் இடது கோடியிலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது! உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆனால் பாருங்கள், நம் பிள்ளை இடது கைக்காரி அல்லவா? பாட்டு ஓடுகிற கட்டைகளெல்லாம் அவள் கைக்கே தேடி வந்துவிட்டன. ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு சின்னக் குறை, ஹெட்போன் போட்டும் ஸ்பீக்கர் அடங்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது, தெருவுக்கே தெரியும். நேற்று அந்த டீச்சர் செருப்புகூடப் போடாமல் இறங்கிவந்து, "யாரு சார் வாசிக்கிறது? எந்த டீச்சர்கிட்ட போறாங்க?" என்றார். நான் அறைக்கதவைத் திறந்து காட்டினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தபடியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனரே, என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது!

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு உங்களுக்கு அது வேண்டும் என்பதை மறக்கவில்லை. ஒயரைத் திருப்பிப் போட்டுப் பழையபடி ஆக்கி, சனிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன். இது என் வாக்கு. துளை என் அன்பளிப்பு.

உங்கள் கச்சேரி களைகட்டவும், கைதட்டலில் கூரை அதிரவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்

பி.கு.: ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். உங்கள் மருமகள் அதன்மேல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்பீக்கர் விஷயத்தையும் மெதுவாகச் சொன்னேன். "ரெண்டாம் நாளே தெரியும்ப்பா. மாடிக்குக் கேக்கட்டும்னுதான் விட்டேன். மாமாவ இடது கைல பழகிக்கச் சொல்லுங்க" என்றாள். உங்கள் அக்காவும் அவள் கட்சி. எதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடமாவது ஒரு கீபோர்டு இரவல் கேட்டு வையுங்கள்.