வாடாமல்லிகை நேர்த்தி

"இஞ்சை யசிந்தா! கண்டைக் காணேல்லை!"

பாத்தியடியில் குந்தியிருந்து சந்தியோகு கத்தினார். காலையில் விரலளவு உயரத்தில் நின்ற வாடாமல்லிகைக் கண்டுகளில் பாதி வேரோடு போயிருந்தன. அவர் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் நடந்த அநியாயம்.

குருநகரில் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதருக்குப் பூக்கண்டோடு என்ன வேலை? எல்லாம் மனைவி யசிந்தா வைத்த நேர்த்திக்கடனால் வந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, கடலில் இறங்கினால் நேவியின் துவக்குச் சூடு விழுகிற காலம். ஆனாலும் உலை வைக்க ஒன்றுமில்லாமல் சிலர் களவாய்ப் போய் வந்தார்கள். சந்தியோகுவும் வலையைத் தூக்கிய அன்று யசிந்தா வாசலை மறித்து நின்றாள்.

"மாதாவுக்கு நேர்ந்து போட்டன். உங்கடை கையாலை விதை போட்டு வளர்த்த வாடாமல்லிகையிலை மாலை கட்டி, சுருவத்துக்குப் போட்டிட்டுத்தான் நீங்கள் தொழிலுக்குப் போகவேணும்."

"ரோசாப்பூ போட்டால் மாதா வேண்டாமெண்டே சொல்லப்போறா?"

"அது பின்னேரமே வாடிப்போம். இது நீங்கள் கரைக்கு வருமட்டும் வாடாது."

மாதாவோடு வழக்காட முடியுமா? காய்ந்த பூவைக் கசக்கி, பஞ்சு போன்ற விதையை ஊறவைத்துத் தூவினார். கிணற்று உப்புத்தண்ணீரில் முளை கருகியது. நல்ல தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து மறுபடியும் தூவினார். அப்படி வந்த கண்டுகள்தான் இப்போது பாதியாய் நின்றன.

"சிசிலியாவின்ரை கோழிதான் கிளறியிருக்கும்," என்றாள் யசிந்தா.

பக்கத்து வீட்டுச் சிசிலியாவின் புருஷன் லியோன் போன மாரியில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சந்தியோகு வேலிக்கு மேலால் சத்தம் போட, அவள் யசிந்தாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "ஓம் அண்ணை, கட்டிப்போடுறன்," என்றாள்.

கோழி கட்டினபடியே கிடந்தது. கண்டுகள் பிறகும் போயின.

"கட்டிப்போட்ட கோழி எப்பிடியடி பிடுங்கும்?"

"அப்ப நத்தை."

நத்தைக்குச் சாம்பல் கொட்டச் சொன்னார்கள். கொஞ்சம் போட்டால் உறைக்காதென்று சந்தியோகு பெட்டி பெட்டியாய்க் கொட்டினார். நத்தை ஒன்றும் வரவில்லை. மிச்சக் கண்டுகள்தான் சாம்பலில் வெந்துபோயின. திரும்பவும் விதை, திரும்பவும் தண்ணீர். இடுப்பு விட்டுப்போயிற்று.

"சுறாவோடை மல்லுக்கட்டினாலும் இவ்வளவு களைக்காது," என்று முனகினார்.

இம்முறையும் முளைத்து, இம்முறையும் குறைந்தது. இது ஆட்டின் வேலை என்று அவரே தீர்மானித்தார். வேலியடைக்க ஓலைக்கிடுகு வாங்க வழியில்லை. கூரை வளையில் தொங்கிய வலையை இறக்கி, பாத்தியைச் சுற்றிக் கம்பு ஊன்றிக் கட்டினார்.

"ஐயோ, வலையையோ?"

"பூத்தால்தானே வலைக்கு வேலை. அதுமட்டும் காவல் நிக்கட்டும்."

அன்று மத்தியானம், அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திராத ஆடொன்று உண்மையாகவே வந்தது. வலைக்குள் கொம்பைக் கொடுத்தது. மிரண்டு கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு பாத்தி முழுக்க உருண்டது. அதன் கழுத்து இறுகுவதைப் பார்த்த சந்தியோகு கத்தியோடு பாய்ந்தார். அவர் அறுக்க அறுக்க அது இன்னும் சுற்றிக்கொண்டது. கடைசியில் ஆடு தப்பி ஓடியபோது வலை கந்தலாய்க் கிடந்தது. பாத்தி மூலையில் இரண்டு மூன்று கண்டுகள் மட்டும் தலையாட்டிக்கொண்டு நின்றன.

சந்தியோகு மண்ணிலேயே இருந்துவிட்டார்.

"எனக்குக் கடலும் வேண்டாம், பூவும் வேண்டாம். வாய்க்கு ஒரு தேத்தண்ணி தா."

குசினிக்குள் யசிந்தா விம்முவது கேட்டது.

"அழாதை. வலைதானே போனது," என்றார் அலுப்போடு.

சத்தம் கேட்டு வந்திருந்த சிசிலியா குசினிக்குள் போய், யசிந்தாவின் தோளில் கைவைத்து, அவருக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்:

"இனி அண்ணைக்குக் கடலுக்குப் போக வலையில்லையக்கா. மிச்சக் கண்டையெண்டாலும் பிடுங்காமல் விடுங்கோ."