அப்பா வந்து பார்த்த கிளப்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பாதியைச் சொல்லிவிட்டு, மீதி புரிந்திருக்கும் என்று போனை வைத்துவிடுவேன். கோயம்புத்தூரில் முதலாமாண்டு படித்தபோது இதனால் என் படிப்பே நிற்கப் பார்த்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் கணினி மன்றம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் அது வெறும் ‘கிளப்’. அதில் இடம் கிடைத்த குஷியில் அன்னூரில் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, கிளப்புல சேந்துட்டனுங்க! பசங்க, பொம்பளப் புள்ளைங்க எல்லாரும் ஒண்ணா இருப்போம். இனி சனிக்கிழமை ஊட்டுக்கு வரமாட்டனுங்க!”

வைத்துவிட்டேன்.

(எங்கள் ஊரில் கிளப் என்றால் ஆம்பளைகள் சீட்டாடப் போகும் இடம். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.)

சனிக்கிழமை லேபில் முதல் கூட்டம். திரை தெரியட்டும் என்று விளக்கை அணைத்திருந்தார்கள். கிளப் தலைவர் அசார், மூன்றாமாண்டு மாணவர், தான் எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு படாரென்று திறந்தது. அப்பா! பின்னால் அம்மா, என் துணிமணியை அள்ளிப்போக ஒரு காலிக் கட்டைப்பையோடு.

அவர்கள் பார்த்தது இதுதான்: இருட்டறை, அது நிறையப் பையன்கள், நடுவில் அவர்கள் பெற்ற பெண், சுவரில் ஆள் உயரத்துக்குப் பதிமூன்று சீட்டு.

(சீட்டைக் கலைத்துப் போடும் புரோகிராம். உலகத்தில் வேறு புரோகிராமே இல்லையா?)

“ஏனுங்க தம்பி,” என்றார் அப்பா. கோபத்தில் உடம்பே ஆடியது, ‘ங்க’ மட்டும் குறையவில்லை. “படிக்கிற எடத்துலயே இதுங்களா? பொம்பளப் புள்ளைய உக்கார வெச்சு ஆடறீங்களே, நல்லா இருக்குதுங்களா?”

“கெளம்பு கண்ணு. படிச்சது போதும்,” என்று அம்மா அழுதாள்.

அசாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “அங்கிள், யாரும் ஆடலீங்க. சீட்டைக் கலைக்கக் கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கறோமுங்க. வெறும் கணக்குதானுங்க. பாருங்க!” என்று ஒரு பட்டனைத் தட்டினார். புதிதாகப் பதிமூன்று சீட்டு விழுந்தது.

அப்பா திரையைப் பார்த்தார். இன்னும் ஓரடி முன்னால் வந்து பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

“தம்பி, அந்த ஜோக்கரை எடுத்து எட்டுக்குப் பக்கத்துல போட்டா ரம்மிங்க. டிக்ளேர் பண்ணிப்போடலாம்.”

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

“ஏனுங்க,” என்றாள் மெதுவாக. “வாராவாரம் பால் சொசைட்டி மீட்டிங்குன்னு போறீங்களே...”

அப்பா அவசரமாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். என்னை அல்ல, அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு.

இப்போது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பள்ளிக்கூடம் போகிறது. இன்றைக்கும் அப்பா சாயங்காலம் சட்டையை மாட்டினால் போதும், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

“ஏனுங்க, கம்ப்யூட்டர் கிளாஸுங்களா?”