காமாக் கதிர் மாப்பிள்ளை

“அந்த லேசர் எப்ப தம்பி முடியும்?” என்று கேட்டார் பெண்ணின் தகப்பன் செபமாலைமுத்து.

றெஜினோல்டின் வாய் நிறையப் பற்றீஸ் இருந்ததால் யோசிக்க அரை நிமிடம் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பெண் பார்க்க லண்டன் குட்மேய்ஸுக்கு வந்திருந்தார்கள். அக்கா மெற்றில்டா வாசலில் கோட்டைக் கழற்றும்போதே தம்பியின் பெருமையைச் சொல்லி முடித்துவிட்டாள்: உலகத்தின் முதல் காமாக் கதிர் லேசரைச் செய்கிற விஞ்ஞானி. உண்மையில் அவன், அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று எண்பத்திரண்டாம் ஆண்டிலிருந்து ஆறு வருடமாக அறிக்கை எழுதுகிறவன்.

“காமாக் கதிர் எண்டால் கான்சர் வருமெல்லோ,” என்றாள் பெண்ணின் தாய் மேரிறோஸ். கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“பயப்பிடாதேங்கோ அன்ரி. அது இன்னும் இல்லை.”

“இல்லையோ?” செபமாலைமுத்து நிமிர்ந்தார். “அப்ப வேலைக்குப் போய் என்ன செய்யிறியள்?”

“செய்ய ஏலுமோ எண்டு பாக்கிறன், அங்கிள்.”

“ஏலுமோ?”

இந்தக் கேள்விக்கு ஆறு அறிக்கைகளில் பிடிகொடுக்காமல் நழுவியவன் அவன். ஏலும் என்றால் செய்துகாட்டச் சொல்வார்கள். ஏலாது என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். ‘மேலும் ஆராய வேண்டும்’ என்ற வரிதான் அவனுடைய உத்தியோகம்.

“சில அணுக்கருக்கள் சக்தியை உள்ளுக்கை பிடிச்சு வைச்சிருக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்திலை விடப்பண்ணினால் அதுதான் லேசர். ஆனால் அதுகள் எங்கடை சொல்லுக் கேக்குதில்லை. ஒண்டு இருக்கு, தன்பாட்டிலை விட்டால் பாதி அடங்கவே முப்பத்தொரு வருசம்.”

“அப்ப பென்சன் எடுக்கும் வரைக்கும் வேலை நிச்சயம்,” என்று அக்கா காப்பாற்றினாள்.

செபமாலைமுத்துவின் முகம் மலர்ந்தது. மேரிறோஸின் முகம் இருண்டது.

“அது சக்தியை விட்டுதெண்டால் அதை என்னத்துக்குப் பாவிப்பினம்? ஆயுதத்துக்கோ? சண்டைக்குத் தப்பி இஞ்சை ஓடி வந்து, பிள்ளையை அதைச் செய்யிற ஆளுக்கோ கட்டிக்குடுக்கிறது?”

“இல்லை அன்ரி, அது ஒருநாளும் சரிவராது,” என்றான் றெஜினோல்ட் அவசரமாக. ஆறு வருடத்தில் அவன் சொன்ன முதல் முடிவு அது.

செபமாலைமுத்து தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சரிவராது எண்டு காசு குடுக்கிறவைக்குத் தெரியுமோ தம்பி?”

“நான் இன்னும் சொல்லேல்லை.”

பெண் டொலறஸ் வெற்றுத் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

“அவைக்குத் தெரியும் அப்பா. திட்டத்தை நிப்பாட்டுற கடிதத்தை வெள்ளிக்கிழமை அந்தக் காசு குடுக்கிற எங்கடை ஒபிசிலை நான்தான் ரைப் அடிச்சனான். அது தபாலிலை போய், இனி அந்த லேசர் இல்லை எண்டான பிறகுதானே இவரைக் கூப்பிடுங்கோ எண்டு உங்களுக்குச் சொன்னனான்.”